எண்ணெய்த் தலை

சிவராஜின் தலைமுடி அவனை விட்டுப் போக ஆரம்பித்தது ஓசூருக்கு வந்த பிறகுதான். வேப்பனப்பள்ளி பக்கத்து மாந்தோப்பில் அப்பனோடு திரிந்த காலத்தில் சீப்பு உடையுமே தவிர முடி உடையாது. அப்படி ஒரு முடி. கூடவே அப்படி ஒரு எண்ணெய்ப் பசை. அவன் தலைக்கு எண்ணெய் வெளியிலிருந்து வர வேண்டியதே இல்லை. காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வந்தால் மத்தியானத்துக்குள் நெற்றி மினுங்கும். தலையணை உறை எத்தனை துவைத்தாலும் பழுப்பேறித்தான் கிடக்கும். பள்ளிக்கூடத்தில் அவனை 'பஜ்ஜி' என்று கூப்பிட்டார்கள். முடி இருக்கிறவனுக்கு அந்தக் கேலியெல்லாம் உறைக்குமா? சிரித்துக்கொண்டே போனான்.

ஓசூர் சிப்காட்டில், பைக்குகளுக்குப் பெட்ரோல் டேங்க் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் அவனுக்கு வேலை கிடைத்தது. அந்த இடத்துக்கென்று ஒரு சட்டம் இருந்தது. தலையில் எண்ணெய் வைக்கக் கூடாது. எண்ணெய் மட்டுமில்லை, சென்ட் கூடாது, முகத்துக்கு க்ரீம் கூடாது, முடியைப் பளபளக்க வைக்கும் எந்தச் சமாச்சாரமும் கூடாது. கையில் ஒட்டிய பசை துளியூண்டு டேங்கில் பட்டால் போதும், அந்த இடத்தில் பெயிண்ட் பிடிக்காமல் விலகிக் குட்டிக் குழியாக நிற்கும். நடுவில் புள்ளி, சுற்றி வளையம். அதற்கு மீன்கண் என்று பேர். மீன்கண் விழுந்த டேங்கைச் சுரண்டித் தேய்த்து, மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். கல்யாண மாப்பிள்ளையே ஆனாலும் எண்ணெய்த் தலையோடு பெயிண்ட் ஷாப் கண்ணாடிக் கதவைத் தாண்ட முடியாது.

நம் ஆட்களுக்கு இது லேசுப்பட்ட விஷயமா? சனிக்கிழமையானால் உச்சியில் ஒரு கை எண்ணெய் வைத்துத் தேய்த்து, அரப்புப் போட்டு முழுகினால்தான் உடம்பு உடம்பாக இருக்கும் என்று வளர்ந்தவர்கள். பெயிண்ட் ஷாப்பில் சேர்ந்த எல்லோருமே முதல் மாதம் எதையோ பறிகொடுத்தவர்கள் போலத்தான் திரிவார்கள். சிவராஜுக்கு மற்றவர்களைவிட இரண்டு பங்கு பயம். அவன் தலை தானாகவே எண்ணெய் சுரக்கிற தலை. அதனால் தினமும் ஷாம்பு. ஷிப்டுக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. போர்வெல் தண்ணீர் வேறு சுண்ணாம்பாகக் கிடக்கும், நுரையே வராது. கொஞ்ச காலம் போனதும் பாத்ரூமில் தண்ணீர் வடியும் சல்லடையில் முடி கொத்தாகச் சிக்கி, தண்ணீர் தேங்கி நின்றது.

அப்புறம் ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். தண்ணீர் என்றான் ஒருத்தன். ஹெல்மெட் என்றான் இன்னொருத்தன். ஊரில் அம்மா மாதம்மாள் போனில் ஒரே பாட்டு: "எண்ணெ இல்லாத தலையில முடி எப்பிடிடா நிக்கும்? வேரு காஞ்சி போவாதா? அந்த நுரைத் தண்ணிய ஊத்தி ஊத்தி எம்புள்ளத் தலையக் கெடுத்துட்டானுங்க." ஓசூரில் ஒரு தோல் டாக்டரிடம் போனான். அவர் உங்கள் அப்பாவுக்கு முடி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றான். "தலை கழுவுறதால முடி கொட்டாதுப்பா. கொட்டப் போற முடிதான் கழுவும்போது கையில வருது" என்றார். இவ்வளவு தெளிவாக ஒருத்தர் சொன்னால் யார் நம்புவார்கள்? சிவராஜும் நம்பவில்லை.

இந்தக் கவலையெல்லாம் அவன் கொட்டியது ஒரே ஆளிடம். கமலக்கண்ணன். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன், சிவராஜோடு ஒரே நாளில் கம்பெனியில் சேர்ந்தவன், சிப்காட் பின்பக்கம் லைன் வீட்டில் ஒரே அறையில் இருந்தவன். பெயிண்ட் ஷாப்பிலும் பக்கத்துப் பக்கத்து இடம். கமலக்கண்ணன் டேங்கை ஒட்டும் துணியால் தூசி போகத் துடைத்து அனுப்புவான், சிவராஜ் ஸ்ப்ரே துப்பாக்கியால் பெயிண்ட் அடிப்பான். கமலக்கண்ணனுக்கு முப்பது வயதுக்கு முன்பே உச்சி முழுக்க வழுக்கை. ஓரத்தில் மிச்சம் இருந்ததையும் அவனே சிரைத்துவிட்டு, முழு மொட்டையாகத் திரிந்தான். பேசும்போது உள்ளங்கையால் தலையை முன்னும் பின்னும் தடவிக்கொண்டே பேசுவது அவன் பழக்கம்.

"எனக்கு ஷாம்பு செலவு மிச்சம் மாப்ள" என்பான். பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு பெண் தன்னைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை எப்போது வருவார் என்று அவள் அம்மாவிடம் கேட்ட கதையைச் சொல்லுவான். இன்னொரு வீட்டில் அவனைத் தரகர் என்று நினைத்துக்கொண்டு வெற்றிலைத் தட்டை நீட்டிய கதையைச் சொல்லுவான். சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்களில் முதல் ஆள் சிவராஜ்தான்.

ஆனால் நல்லவன். சிவராஜுக்கு டெங்கு வந்து கிடந்தபோது லீவு போட்டுப் பக்கத்தில் இருந்து கஞ்சி காய்ச்சி ஊற்றியவன். பாகலூரில் மேகலாவை நிச்சயம் செய்தபோது கூடப்பிறந்த அண்ணன் மாதிரி முன்னால் நின்று தட்டு மாற்றிக் கொடுத்தவன். அப்படிப்பட்டவனை யாராவது சந்தேகப்படுவார்களா?

மேகலாவின் அப்பா நாராயணப்பன் பாகலூருக்கு வெளியே பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கூடாரம் போட்டு ரோஜா வளர்ப்பவர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், சம்பந்தியிடம் தமிழ் என்று மூன்றும் பேசுவார். மேகலா ஒரு ரோஜாப் பண்ணையின் பேக்கிங் கூடத்தில் மொட்டுகளைத் தரம் பிரிக்கிறவள். வெளிநாடு போகிற பூவில் பேன் கடித்த அளவுக்குப் புள்ளி இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. நிச்சயத்தன்று சிவராஜின் முன்நெற்றியை ஒரு தடவை உற்றுப் பார்த்தவள், அப்புறம் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவன் விழுந்தான். அந்தச் சிரிப்பைக் கல்யாணம் வரைக்குமாவது காப்பாற்ற வேண்டும் என்ற வெறியும் பிடித்துக்கொண்டது.

வைகாசியில் நிச்சயம், ஆவணியில் கல்யாணம். நடுவில் ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனான். மாதம்மாள் மகன் தலையில் வகிடு எடுத்துப் பார்த்தாள். வகிடு வகிடாக இல்லை, வண்டித்தடமாக இருந்தது. அவள் அழுதேவிட்டாள். "ஒரே ஒரு நாளுடா. நாளைக்கு அரப்புப் போட்டு முழுகிட்டுப் போ. எவனுக்குத் தெரியப் போவுது?" சிவராஜ் மறுத்தான், தாயின் அழுகைக்கு முன்னால் மறுப்பு நிற்கவில்லை. அவள் எண்ணெயைக் காய்ச்சி, சூடு பொறுக்க உச்சியில் வைத்துத் தேய்த்தபோது, சொந்த வீட்டில் திருடித் தின்கிறவன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவ்வளவு சுகமாகவும் இருந்தது.

மறுநாள் அரப்பு, அதன் மேல் ஷாம்பு, ஓசூர் வந்து மறுபடி ஷாம்பு. தோல் எரிகிற வரைக்கும் தேய்த்தான். அப்படியும் மனசு அடங்கவில்லை. கமலக்கண்ணனிடம் சொல்லிவிட்டான்.

"அட விடுறா மாப்ள" என்று கமலக்கண்ணன் தன் மொட்டையைத் தடவிக்கொண்டே சிரித்தான். "ஒரு நா எண்ணெய்க்கு என்ன ஆகிரப் போகுது. நான் போயி யார்ட்டச் சொல்லப் போறேன்?"

அதற்குப் பின் சில வாரம் கழித்து மீன்கண் விழ ஆரம்பித்தது.

முதலில் ஒன்றிரண்டு. அப்புறம் வரிசையாக. கறுப்பு டேங்க், சிவப்பு டேங்க் என்று பாரபட்சம் இல்லாமல், மேல்முகத்தில் குட்டிக் கண்கள் விழித்துக்கொண்டு நின்றன. காற்றுக் குழாயைக் கழற்றிப் பார்த்தார்கள், பெயிண்டை மாற்றினார்கள், துணியை மாற்றினார்கள். நிற்கவில்லை. மேலிடத்திலிருந்து சூப்பர்வைசர் முனீஸ்வரனுக்குத் தினமும் அர்ச்சனை. மனுஷன் தர்மபுரிக்காரர், சாதாரணமாக அதட்டிக்கூடப் பேச மாட்டார். ஒரு நாள் எல்லோரையும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வரிசையாக நிறுத்தினார். கையில் ஒரு கட்டு வெள்ளை டிஷ்யூ.

ஒவ்வொரு தலையிலும் டிஷ்யூவை அழுத்தி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். கமலக்கண்ணனிடம் வந்ததும் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "உனக்கு எதுக்குப்பா இது? நீ போ" என்று தோளில் தட்டினார். வரிசையே சிரித்தது. கமலக்கண்ணனும் தலையைத் தடவிக்கொண்டே சிரித்தான்.

அடுத்தது சிவராஜ். டிஷ்யூ அப்படியே தலையில் ஒட்டிக்கொண்டது. எடுத்துப் பார்த்தால் பலகாரக் கடைக் காகிதம் மாதிரி மறுபக்கம் தெரிந்தது.

"எண்ணெ வெச்சியாடா?"

"இல்லீங்க சார். என் தலையே இப்பிடித்தான். சின்ன வயசிலருந்தே."

"இன்னிக்கு வெக்கல, சரி. எப்பவாச்சும் வெச்சியா?"

கல்யாணம் பக்கத்தில். வேலையை நிரந்தரமாக்கும் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. அந்த ஒரு நொடியில் சிவராஜுக்கு அம்மாவின் சூடான கை நினைவுக்கு வந்தது. பயந்துவிட்டான்.

"எப்பவும் வெச்சதில்லீங்க சார்."

மறுநாள் முனீஸ்வரன் அவனைக் கேபினுக்குக் கூப்பிட்டார். கோபமாகக்கூட இல்லை, வருத்தமாகத்தான் கேட்டார். "உங்க வூட்டுல அம்மா எண்ணெ தேச்சி உட்டாங்களாமே. ஏன்டா எங்கிட்ட மறைச்ச? தப்பு பண்ணவனக்கூட வெச்சிக்கலாம். பொய் சொல்றவன வெச்சிக்கிட்டு நான் என்னா பண்றது?"

சிவராஜ் கணக்குப் போட்டுப் பார்த்தான். அந்த எண்ணெய்க் கதை தெரிந்தது உலகத்திலேயே மூன்று பேருக்கு. ஒருத்தி வேப்பனப்பள்ளிக்கு அந்தப் பக்கம் மாங்காய் பறித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தன் அவனேதான்.

அறைக்கு வந்ததும் கேட்டான். கமலக்கண்ணன் ஒளிக்கவில்லை. "ஆமா மாப்ள, நாந்தேன் சொன்னேன். அவரு நேரா மூஞ்சியப் பாத்துக் கேட்டாரு, எனக்குப் பொய் வரல. உள்ளதச் சொல்லிப்புட்டா உன்ன மன்னிச்சிருவாருன்னு நெனச்சேன்டா. இப்படி ஆகும்னு எனக்கென்ன தெரியும்?" என்று கண் கலங்கினான். சிவராஜுக்கு உள்ளே எரிந்தது. ஆனாலும் என்ன சொல்ல? பொய் சொன்னது தான்தானே. உண்மையைச் சொன்ன நண்பனை எந்த வாயால் திட்டுவது?

சிவராஜைப் பெயிண்ட் ஷாப்பிலிருந்து தூக்கி, அட்டைப்பெட்டி ஒட்டும் பேக்கிங் பகுதியில் போட்டார்கள். நிரந்தரம் என்ற பேச்சு நின்றது. அவன் போன பிறகு மீன்கண்ணும் நின்றது.

அதுதான் அவனை உடைத்தது. அவன் இருந்தவரை விழுந்தது, அவன் போனதும் நின்றுவிட்டது. இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும் ஜனங்களுக்கு? கேன்டீனில் அவன் தட்டோடு வந்தால், "டேய், எண்ணெ தெறிக்கும், தள்ளி உக்காரு" என்றார்கள். அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை அந்த ஒரு நாள் எண்ணெய் தலைக்குள் இறங்கி, வாரக்கணக்கில் கசிந்துகொண்டே இருந்ததோ? ராத்திரியெல்லாம் தன் தலையைத் தானே மோந்து பார்க்க முடியாதா என்று கிடந்தான். சொந்தத் தலையே தனக்கு எதிராகச் சாட்சி சொன்னதாக நினைத்து அதன்மேல் வெறுப்பு வந்தது.

பாகலூருக்குச் செய்தி போகாமல் இருக்குமா? நாராயணப்பனின் மச்சினன் மகன் ஒருத்தன் அதே கம்பெனியில் லாரி ஏற்றுகிற வேலையில் இருந்தான். நாராயணப்பன் போன் செய்தார். அவர் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. "வேல போச்சுன்னா இன்னொரு வேல வரும், அதப்பத்தி எனக்கு ஒண்ணுமில்ல பாபு. ஆனா எண்ணெ தேச்சிக்கிட்டு போயி கம்பெனி சரக்கக் கெடுத்துட்டு, தேக்கலன்னு சாதிச்சியாம். பொய் சொல்றவனுக்கு எம் பொண்ணக் குடுக்க மாட்டன். பத்திரிக அடிக்கறத நிறுத்தி வெச்சிட்டன்."

அன்று சாயங்காலமே மேகலா பேசினாள். "நெசமாச் சொல்லுங்க. அந்த டேங்குங்க கெட்டுப் போனது உங்களாலதானா?"

"தெரியல மேகலா."

"தெரியலன்னா என்னங்க அர்த்தம்?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்ன ஆனாலும் ஆகட்டும், நாராயணப்பன் காலில் விழுந்தாவது கேட்டுவிடுவது என்று சிவராஜ் பைக்கை எடுத்தான். அவன் ஹெல்மெட்டின் கொக்கி உடைந்திருந்தது. கமலக்கண்ணன் காய்கறி வாங்கக் கடைக்குப் போயிருந்தான், அவனுடைய ஹெல்மெட் ஆணியில் தொங்கியது. அதை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

பாகலூர் ரோட்டில் பாதி தூரத்தில் டீக்கடை ஒன்றில் நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினான். உள்ளே பிடித்த விரல்கள் வழுக்கின. தன் தலைதான் வழக்கம்போல வேலையைக் காட்டிவிட்டது என்று முதலில் நினைத்தான். அப்புறம் மோந்து பார்த்தான். அவன் தலையின் வாடை அவனுக்குத் தெரியாதா? இது அது இல்லை. இது இனிப்பாக, ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டும் வாசனை சோப்பும் கலந்த மாதிரி இருந்தது. உள்பஞ்சை அழுத்தினான். நெற்றி படும் இடத்தில், உச்சி படும் இடத்தில், நாள்பட ஊறிய பிசுக்கு. விரலைத் தேய்த்துப் பார்த்தால் எண்ணெய் மாதிரி ஒட்டவும் இல்லை, பட்டு மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

முடியே இல்லாதவனின் ஹெல்மெட்டில் இது எப்படி வந்தது?

டீயை அப்படியே வைத்துவிட்டு வண்டியைத் திருப்பினான். அறையில் கமலக்கண்ணனின் டிரங்குப் பெட்டியைத் திறந்து துணிகளை வாரி வெளியே போட்டான். அடியில் ஒரு சாக்ஸுக்குள் சுருட்டி வைத்த கண்ணாடிப் புட்டி இருந்தது. முன்பக்கம், முடி முளைக்க வைக்கும் சீரம் என்று தங்க எழுத்து, முடி பறக்கும் ஒரு ஆணின் படம். பெயிண்ட் ஷாப்பில் இருந்தவன் எந்தப் புட்டியைப் பார்த்தாலும் திருப்பிப் பின்பக்கம் படிப்பான், அது ஒரு வியாதி மாதிரி. சிவராஜும் திருப்பினான். சிலிகான். எண்ணெயைவிட மோசம், நிழல் பட்டாலே மீன்கண் விழும் என்று பயிற்சியின் முதல் நாளே முனீஸ்வரன் கரும்பலகையில் பெரிதாக எழுதிக் காட்டிய பேர்.

அந்த உள்ளங்கை அவன் கண் முன்னால் வந்தது. தலையை முன்னும் பின்னும் தடவுகிற உள்ளங்கை. தடவிக்கொண்டே கையுறையை எடுத்து மாட்டும், துணியைத் தொடும், டேங்கைத் துடைக்கும். துடைத்த டேங்க் சிவராஜிடம் வரும். சிவராஜ் பெயிண்ட் அடித்ததும் மீன்கண் விழிக்கும்.

கமலக்கண்ணன் காய்கறிப் பையோடு உள்ளே வந்தான். தரையில் கிடந்த துணிகளையும் சிவராஜ் கையில் இருந்த புட்டியையும் பார்த்தான். பையைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றான்.

"நீதானாடா?" என்றான் சிவராஜ்.

கமலக்கண்ணன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். அழுதான். இந்தத் தடவை கலங்கியது கண் மட்டுமில்லை, உடம்பே குலுங்கியது. "எத்தன பொண்ணுடா என்னய வேணாம்னு சொல்றது? நீங்கல்லாம் சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். எனக்கு வலிக்காதா? விளம்பரத்தப் பாத்து வாங்குனேன். மொளைக்குதுடா மாப்ள, நெசமாவே மொளைக்குது. அத வச்சுத்தேன் கண்ணு விழுதுன்னு எனக்கு மொதல்ல தெரியல. தெரிஞ்சப்ப அவரு வரிசையில நிப்பாட்டிட்டாரு."

"தெரிஞ்சப்புறம் என் பேரச் சொன்ன."

"நீ ஒரு தடவ வச்சது உண்மதான?"

சிவராஜ் அவனை அடிக்கக் கையை ஓங்கினான், அடிக்கவில்லை. டெங்குக் காய்ச்சலில் அவன் ஊட்டிய கஞ்சி குறுக்கே வந்து தொலைத்தது. "நான் போனதும் தேய்க்கறத நிறுத்திட்ட, இல்ல? கண்ணும் நின்னுபோச்சி. ஊரு முழுக்க என்னய எண்ணெத் திருடன்னு பேசுது. நானே நம்பிட்டன்டா. நானே என்னய நம்பல." புட்டியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினான். "கம்பெனி எக்கேடோ கெட்டுப் போவட்டும். நீ முனீஸ்வரன் சார் கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம், உன் வேல உங்கிட்டயே இருக்கட்டும். எங்கூட பாகலூருக்கு வா. மேகலாவோட அப்பா கிட்ட நாந்தான்னு ஒரு வார்த்த சொல்லு. அது போதும் எனக்கு."

"சொல்றேன் மாப்ள" என்றான் கமலக்கண்ணன், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "எங்காத்தா மேல சத்தியமாச் சொல்றேன்."

சிவராஜ் நம்பினான். இத்தனைக்குப் பிறகும் நம்பினான். புட்டியைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, அவனைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போனான்.

நாராயணப்பன் வாசலுக்கு நேரே கூடத்தில் உட்கார்ந்து ரோஜாக் கத்தரிக்கோலைத் தீட்டிக்கொண்டிருந்தார். சிவராஜைப் பார்த்து முகம் இறுகியது. பின்னால் வந்தவனைப் பார்த்ததும் கொஞ்சம் இளகி, "கூச்சோ பாபு, கூச்சோ" என்று நாற்காலியைக் காட்டினார். நிச்சயத்தில் தட்டு மாற்றியவன் அல்லவா! மேகலா சமையற்கட்டு நிலையில் வந்து நின்றாள். சிவராஜைப் பார்க்கவில்லை.

"மாமா, கமலக்கண்ணன் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்றான் சிவராஜ்.

கமலக்கண்ணன் தொண்டையைச் செருமினான். கை தலைக்குப் போனது, தடவியது. "ஐயா, சிவராஜு தங்கமான பையங்க. இத்தன வருசம் ஒரே ரூமுல இருக்கேன், எனக்குத் தெரியாதா? ஏதோ கல்யாண ஆசையில, முடி கொட்டுதேங்குற பயத்துல, ஒரு தப்புப் பண்ணிப்புட்டான். இனிமே பண்ண மாட்டான். அதுக்கு நான் பொறுப்பு. நீங்க பெரிய மனசு பண்ணி மன்னிக்கணும்."

சிவராஜுக்கு எதுவும் புரியவில்லை. அறையில் சுவரோடு சரிந்து அழுதவன் இவன்தானா? புரிந்ததும் பாக்கெட்டிலிருந்த புட்டியை எடுத்து நாராயணப்பன் முன்னால் வைத்தான். "பொய் சொல்றான் மாமா! இது இவனோடது. இவன் பெட்டியில இருந்து எடுத்தன். இவன் தலையில தேச்சிக்கிட்டது, அதனாலதான் எல்லாம் கெட்டுச்சி!"

நாராயணப்பன் புட்டியை எடுத்தார். முன்பக்கத்தில் முடி பறக்கும் ஆணைப் பார்த்தார். கமலக்கண்ணனின் மொட்டையைப் பார்த்தார். பிறகு சிவராஜின் எண்ணெய் வழியும் தலையைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அது நல்ல சிரிப்பு இல்லை. "இந்தத் தலைக்கு எதுக்கு பாபு இது? பொய் சொன்னாலும் பொருந்தறமாதிரி சொல்லணும். உனக்காகப் பரிஞ்சி பேச வந்தவன் மேலயே போடறியே."

கமலக்கண்ணனும் சிரித்தான். கேன்டீனில் சிரிக்கிற அதே சிரிப்பு, டிஷ்யூ வரிசையில் சிரித்த அதே சிரிப்பு. "விடுங்கய்யா, பாவம், அவன் மனசு சரியில்ல" என்றான்.

சிவராஜுக்கு அந்தக் கேபினில்கூட இவ்வளவு வலிக்கவில்லை. அங்கே நண்பன் பயத்தில் காட்டிக் கொடுத்தான். இங்கே பயம் எங்கே? சத்தியம் செய்துவிட்டு, கூட வண்டியில் உட்கார்ந்து வந்து, நிதானமாகச் சிரிக்கிறான்.

மேகலா நிலையை விட்டு முன்னால் வந்தாள். கமலக்கண்ணன் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான், மத்தியான வெயில் அவன் தலைக்குப் பின்னாலிருந்து அடித்தது. பேக்கிங் கூடத்தில் மொட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாளே, அந்த மாதிரி தலையைச் சாய்த்து அவன் உச்சியையே பார்த்தாள். அதில் விரோதமோ குத்தலோ இல்லை, கண்ணில் பட்டதைக் கேட்கிற பெண்தான் அவள்.

"அண்ணா, நிச்சயத்துக்கு வந்தப்ப உங்க தலை கண்ணாடி மாதிரி இருந்துச்சே. இப்ப உச்சி முழுக்கப் பொடி முடி மொளச்சிருக்குதே. என்னா வெச்சீங்க?"

கமலக்கண்ணனின் கை பழக்கத்தில் தலைக்கு உயர்ந்தது. பாதியில் நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. வெயிலில் அவன் உச்சியில் பூனைமுடி பொன்னாகச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. இப்போது எல்லோருக்கும் தெரிந்தது.

நாராயணப்பன் புட்டியைப் பார்த்தார், அந்தத் தலையைப் பார்த்தார். "நுவ்வா?" என்றார், தெலுங்கிலேயே. நீயா?

கமலக்கண்ணன் திரும்பிச் சிவராஜைப் பார்த்தான். "மாப்ள..." என்றான். எதையாவது சொல்லி என்னைக் காப்பாற்றேன் என்று கெஞ்சுகிற முகம். இத்தனை வருஷமும் சிவராஜ் எதற்கெடுத்தாலும் அவன் முகத்தைப் பார்த்த மாதிரியே இருந்தது.

சிவராஜ் தான் போட்டு வந்து தரையில் வைத்திருந்த அவனுடைய ஹெல்மெட்டை எடுத்து அவன் மடியில் வைத்தான். "பஸ் ஸ்டாண்டு பக்கத்துலதான். நடந்து போயிக்கோ" என்றான்.

கமலக்கண்ணன் எழுந்து போனான். செருப்பு மாட்டும்போது தடுமாறியதை யாரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். நாராயணப்பன் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "பாபு, நாந்தான் தப்பா பேசிட்டன். நாளைக்கே பத்திரிக அடிக்கக் குடுத்துடலாம்" என்றார். மேகலா ஒரு துண்டைக் கொண்டுவந்து நீட்டினாள். சிவராஜின் நெற்றியில் வியர்வையும் எண்ணெயும் வழிந்துகொண்டிருந்தன. "தொடச்சிக்குங்க" என்றவள், "முடி இருந்தா என்னா, போனா என்னா? அன்னிக்கு நெத்தியப் பாத்துட்டுத்தான சிரிச்சன்" என்றாள்.

சிவராஜ் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அழுகிறான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். சந்தோஷத்தில் அழுகிறான் என்று நினைத்திருப்பார்கள். கல்யாணம் நின்று போகாமல் தப்பித்த செய்தியை யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல அவனுக்கு இருந்தது. ஓசூருக்கு வந்த நாளிலிருந்து நல்லது கெட்டது எதுவானாலும் அவன் முதலில் ஓடிப்போய்ச் சொன்னது கமலக்கண்ணனிடம்தான்.